அண்ணன் காத்திருந்த மூன்று மாதங்கள்

எங்கள் குடும்பத்தின் மூத்தவரும் என் ஒரே உடன்பிறப்புமான அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவர் படத்துக்குக் கீழே ‘சிறிது காலம் நோயுற்றிருந்து’ என்று அச்சாகியிருக்கிறது. அச்சகத்தாருக்கு வசதியான வரி. நோயின் பெயர் சிறுநீர்ப்பைப் புற்றுநோய். அண்ணன் எதையும் மூடி மறைத்தவர் அல்லர், நானும் மறைக்கவில்லை.

அண்ணன் புதுச்சேரியில் பிறந்தபோது பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் மூட்டை கட்டவில்லை. அவருடைய பிறப்புப் பதிவு பிரெஞ்சு மொழியில் இருக்கிறது. வீட்டில் அதைப் படிக்க ஆளில்லை. அப்பா இறந்தபோது அவருக்குப் பதினாறு வயது, எனக்கு ஒன்பது. காரியம் முடிந்த மறுவாரமே பஞ்சாலையின் சாயப் பிரிவில் சேர்ந்தார். நான் படித்து, அரசு அலுவலகக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். அவர் விரல்களில் ஏறிய நீலம் அவர் கல்யாணத்தன்றும் போகவில்லை. சாயத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று பின்னாளில் மருத்துவர் சொன்னார். அதற்குள் ஆலையை மூடிவிட்டார்கள், முறையிட ஆளில்லை.

ஒரு காரியத்தை மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஆவணியில் அப்பாவுக்குத் திதி கொடுப்பது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒருமுறையும் தவறவில்லை.

சிறுநீரில் ரத்தம் கண்டபோது, “சூடுடா தம்பி” என்றார். இளநீரும் வாழைத்தண்டுச் சாறுமாக இரண்டு மாதம் போயிற்று. பிறகு உள்ளே குழாய் விட்டுப் பார்த்து, கட்டியைச் சுரண்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். நோய் தசை வரை இறங்கியிருந்தது. சிறுநீர்ப்பையையே எடுத்துவிட வேண்டும், அதன்பின் வயிற்றில் ஒட்டிய பையில்தான் சிறுநீர் இறங்கும் என்றார் மருத்துவர். வைகாசியில் நாளும் குறித்துக் கொடுத்தார்.

அண்ணன் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “இந்தப் பையோட அப்பாவுக்குத் திதி குடுக்கலாமாடா?”

‘தாராளமா குடுக்கலாம்’ என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஐயம் வந்தால் உரியவரிடம் தெளிவுரை பெறுவது என் முப்பத்து நான்கு வருடப் பழக்கம். திதிக்கு வரும் ஐயரிடம் போனேன். பை எங்கே இருக்கும், குழாய் எங்கே வரும் என்று தாளில் படமே போட்டுக் காட்டினேன். ஐயர் அதை வெகுநேரம் பார்த்தார். “மூத்திரப் பையோட மணையில உக்காரக் கூடாதுங்க” என்றார். அதை எழுத்துப் பிசகாமல் அண்ணனிடம் சேர்த்தேன்.

“அப்ப திதிய முடிச்சுட்டே ஆபரேஷனுக்குப் போறேன்.”

“நான் குடுக்கறேண்ணே. நீ போய் ஆபரேஷன் பண்ணிக்க.”

“நான் உசுரோட இருக்கசொல்ல நீ குடுப்பியா? அப்படியே எனக்கும் சேத்துக் குடுத்துடு.”

அண்ணி அழுதார். அண்ணனின் ஒரே மகள், சேதராப்பட்டில் வேலை பார்ப்பவள், என்னைப் பார்த்துக் கேட்டாள்: “சித்தப்பா, உங்கள யாரு போயி கேக்கச் சொன்னது?”

யாரும் சொல்லவில்லை.

மூன்று மாதம் காத்திருந்தார். ஒவ்வொரு முறை சிறுநீர் கழிக்கும்போதும் எரிச்சல், கட்டி கட்டியாக ரத்தம். குளியலறைச் சுவரில் அவர் கையால் அறையும் ஓசை கூடத்துக்குக் கேட்கும்; நாங்கள் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுவோம். திதியன்று நடுவில் மூன்று முறை எழுந்து போனார். மூன்று முறையும் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அதன்பின் நடந்த அறுவைச் சிகிச்சையில், நோய் நிணநீர்க் கட்டிகளுக்கும் பரவியிருந்தது தெரிந்தது. “‘முன்னாடியே வந்திருந்தா’ன்னு நான் ஆரம்பிக்க மாட்டேன் சார்” என்றார் மருத்துவர். அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது?

தேறிய மாதங்கள் கடினமானவை. பை ஒழுகும், சுற்றிலும் தோல் புண்ணாகும். அளவு பார்த்துப் பையில் துளை வெட்ட மகள் கற்றுக்கொண்டாள். நான் வழக்கம்போல் மில்லிலிட்டர் கணக்கில் குறிப்பேடு வைத்தேன். அண்ணன் அதைப் புரட்டிப் பார்த்தார். “ஃபைலு நல்லா தேறிடுச்சுடா. ஆளுதான் தேறல” என்றார். உறவினர் வீட்டு நிச்சயதார்த்தத்தில் பை கழன்று வேட்டி நனைந்தபோது, “பன்னீர் கொஞ்சம் அதிகமா தெளிச்சுட்டாங்க” என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். அதன்பின் எந்த விசேஷத்துக்கும் போகவில்லை.

அடுத்த ஆவணி வந்தபோது நோய் முதுகெலும்பில் இருந்தது. வலிக்கு மார்ஃபின் மாத்திரை. பையை வேட்டிக்குள் செருகிக்கொண்டு மணையில் உட்கார்ந்தார். ஐயர் பார்த்தார், பவித்திரத்தை விரலில் மாட்டினார், மந்திரத்தைத் தொடங்கினார். வாசலில் வழியனுப்பும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

“போன வருஷம் கூடாதுன்னீங்களே?”

“நீங்க கேட்டீங்க. கேட்டா சாஸ்திரத்தத்தான சொல்ல முடியும்? இன்னிக்கு யாரும் கேக்கலியே.”

இதையும் அண்ணனிடம் சேர்த்தேன். படுத்தபடி மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். “தம்பி, இனிமே இந்த வீட்டுக்காக யாருகிட்டயும் எதுவும் கேக்காதடா” என்றார். என்னை வேறெதுவும் சொல்லவில்லை. திட்டியிருக்கலாம். ஐப்பசியில் போய்விட்டார்.

மருத்துவருக்கும், பை மாற்றக் கற்றுக்கொடுத்த செவிலியருக்கும், எந்த நேரத்திலும் முகம் சுளிக்காமல் வண்டி எடுத்த மூலக்குளம் ஆட்டோக்காரருக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணிக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதியில்லை.

முதலாண்டுத் திதியை அண்ணனின் மகள் கொடுக்கிறாள். எள்ளும் தர்ப்பையும் வாங்கி வைத்துவிட்டேன். மகள் கொடுக்கலாமா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. வருகிறவர்களும் கேட்க வேண்டாம். வந்திருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.