புளி போட்டுத் தேய்த்த டிரில் பிட்டுகள்

பித்தளைப் பாத்திரம் விளக்குவதில் ஜமுனாமரத்தூரிலேயே எனக்குப் போட்டி கிடையாது என்று பத்து வயதில் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி நம்பவைத்தால்தான் இவள் வேலை செய்வாள் என்பது அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு சனிக்கிழமை அப்பாவின் மாவு மெஷினைத் தாங்கும் இரும்புத் தகடு உடைந்துவிட்டது. கேழ்வரகு மூட்டையோடு வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனார்கள். அம்மாவின் தம்பி, என் மாமா, வாணியம்பாடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். சேதி போனதும் அன்றைக்கே, புதுத் தகட்டில் ஓட்டை போடுவதற்கு ஆறு டிரில் பிட்டுகளோடு வந்து இறங்கினார். எல்லாம் இரும்பையே துளைக்கும் ஹைஸ்பீடு ஸ்டீல்; முதலாளி பீரோவில் பூட்டி வைத்திருந்த புதுச் சரக்கு. கொடுத்தது கொடுத்தபடி திங்கட்கிழமை வந்து சேர வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தாராம்.

எனக்கென்னவோ அவை புதிதாகத் தெரியவில்லை. கன்னங்கரேலென்று எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்தன. பாவம் மாமா, பழசைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று இரக்கம் வந்தது. எனக்கு இரக்கம் வந்தபோதெல்லாம் வீட்டில் ஏதாவது ஒரு பொருள் கெட்டிருக்கிறது. எங்கள் மலையில் புளிக்கா பஞ்சம்? புளியும் கல்லுப்பும் சேர்த்துச் சாயங்காலம் முழுக்கத் தேய்த்தேன். கருப்பு கழன்று ஆறும் வெள்ளி மாதிரி வெளுத்தன. கழுவி, ஈரத்தோடு வரிசையாக அடுக்கினேன். பாராட்டுக்காகக் காத்திருந்து அப்படியே தூங்கிப்போனேன்.

காலையில் ஆறும் செங்கல் நிறத்தில் இருந்தன.

மாமா அடிக்கவில்லை. "இன்னா பாப்பா, இத்தையும் கொழம்பு வெச்சிட்டியா?" என்றார். பிறகு ஒன்றைக் கை டிரில்லில் மாட்டித் தகட்டின்மேல் வைத்துச் சுற்றினார். முதலில் கொஞ்சம் கிறீச்சிட்டது. அப்புறம் இரும்பு சுருள் சுருளாக வெளியே வந்தது. ஓட்டை சுத்தமாக விழுந்தது.

"பாத்தியாக்கா, துரு மேல்தோல்லதான் கீது. உள்ள சரக்கு அப்டியே கீது."

"உனுக்குத் தெரியுது. உங்க மொதலாளி நம்புவாரா?" என்றாள் அம்மா.

"அவரு எதுர்லியே ஓட்ட போட்டுக் காட்றேன்."

மத்தியானம் மெஷின் ஓடியது. மாமா மட்டும் அந்தப் பக்கம் திரும்பாமல், மண்ணெண்ணெய் தொட்டுத் தேங்காய் நாரால் ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். துரு போனது. ஆனால் துரு பிடிக்காமல் காத்த பழைய கருப்புப் பூச்சு திரும்பி வரவில்லை. துரு அரித்த இடம் அம்மைத் தழும்பு மாதிரி புள்ளி புள்ளியாக நின்றுவிட்டது. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பினார்.

மறுநாள் சாயங்காலமே டிரங்குப் பெட்டியோடு வந்து வாசலில் நின்றார். சட்டைப் பையில் அந்த ஆறு பிட்டுகளும் துருத்திக்கொண்டிருந்தன. அம்மா பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள்.

"லீவா மாமா?"

"ஆமா பாப்பா. பெரிய லீவு."

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் தேய்த்துக் கொடுத்த அழகில் மயங்கி, முதலாளி பிட்டுகளை மாமாவுக்கே கொடுத்து, லீவும் கொடுத்து அனுப்பிவிட்டார் என்று மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.