எட்டாவது குழாய்

திருநின்றவூர் ஏரிப் பக்கத் தெருக்களில் வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் விசாரிப்பதும், மூக்கில் குச்சி விட்டுச் சளி எடுத்துச் சின்னக் குழாயில் அடைப்பதும் அப்போது என் வேலை. ஒரு நாளைக்கு எட்டுக் குழாய் நிரம்ப வேண்டும். கதவைத் திறந்தால்தானே! அன்றைக்கு ஏழு வீட்டிலும் ஜன்னல் வழியாகவே, எடுத்ததாக எழுதிக்கொள், கேட்டால் நாங்களும் அப்படியே சொல்கிறோம் என்றார்கள். வெயிலும் எரிச்சலுமாக ஒரு மரத்தடியில் உட்கார்ந்து ஏழு குழாயிலும் என் சளியையே போட்டேன். எனக்கோ ஒரு தும்மல்கூட இல்லை.

எட்டாவது, தெருமுனையில் இஸ்திரி போடும் அக்காவுடையது. ஒரு வாரமாகத் தினமும் அவர் வண்டியருகே முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, அவர் தரும் டீயைக் குடித்து வந்தேன். "உன் பொழப்பும் நடக்கணும்ல, எட்த்துக்கோ நைனா" என்று முகத்தை நீட்டினார்.

எட்டுமே தொற்று என்று வந்தது. கதவுகளில் அறிவிப்புத் தாள் ஒட்ட என்னையே அனுப்பினார்கள். எனக்குத்தான் தொற்று என்று எப்படிச் சொல்வேன்? தெரு சத்தமில்லாமல் கிடந்தது. ஜன்னலுக்கு ஜன்னல் முகங்கள். யாரும் திட்டவில்லை. கடைசி வீட்டுக்காரர் மட்டும் மெல்லக் கேட்டார்: "நாங்க குட்க்கவே இல்லியே. அப்ப இது யாரோடது?"

பசைக் கையோடு அவர் கதவிலும் தாளை அழுத்தி ஒட்டினேன்.

அக்காவை மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். ஊர்த் துணியெல்லாம் தொடுகிறவர், அவரிடமிருந்துதான் எனக்கு வந்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனாலும் அவர் பிழைக்க வேண்டுமென்று நான் வேண்டாத தெய்வமில்லை.

சில வாரம் கழித்து, வைரஸின் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிக்கும் ஆய்வகத்திலிருந்து ஒரு பெண் அழைத்தார். ஏழு குழாயிலும் இருப்பது, ஏற்கெனவே பக்கத்து ஊர்களில் பார்த்த அதே வைரஸ்தானாம். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லையாம், ஒரே உடம்பில் எடுத்ததுபோல. குழாய்கள் கலந்துவிட்டனவா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"எட்டாவதுல மட்டும் புதுசா ஒரு எழுத்து மாறியிருக்கு சார். ஒருத்தர்கிட்டருந்து இன்னொருத்தருக்குப் பரவுறப்பதான் இப்படி மாறும். அந்த ஏழு பேர்ல ஒருத்தர்கிட்டருந்துதான் அந்தம்மாவுக்குப் போயிருக்கணும்."

போனை வைத்தபிறகு வெகுநேரம் மூச்சுவிடவே பயமாக இருந்தது.

அக்கா பிழைத்து வந்தார். பாதியாக இளைத்திருந்தார். என்னைக் கண்டதும் டீ ஊற்றி நீட்டினார்.

"நீ அன்னிக்கி குச்சி வுட்டதாலதான் சீக்கிரமா தெரிஞ்சிது. உன்னாலதான் உசுரோட கீறேன் நைனா."

வாங்கிக்கொண்டேன். முகக்கவசத்தைக் கழற்ற மட்டும் கை வரவில்லை.