ஒரு ஹோஸ் நீளத்துக்கு எத்தனை கை?

1. பனமலை ஏரி

செஞ்சியில் எங்கள் தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு மழைக்காலக் காலையில் போன் வந்தது. பனமலை ஏரியில் வாத்து மேய்க்க இறங்கிய முனுசாமி என்பவர், மண் எடுத்த பள்ளத்தில் கால் வைத்துவிட்டு, நடுத் தண்ணீரில் நின்ற கருவேல மரத்தைப் பிடித்துக்கொண்டு கத்துகிறாராம். அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. நிலையத்தில் நீச்சல் என்றால் நான்தான் என்ற மிதப்பு வேறு. இடுப்பில் கயிற்றைக் கட்டினேன், குதித்தேன்.

தலையைத் தூக்கிக்கொண்டு படபடவென்று கையை வீசினேன். பாதி தூரம்கூடப் போகவில்லை, தோள் இரண்டும் கனத்துவிட்டன. காற்றுக்குப் பதில் தண்ணீர் உள்ளே போனது. கரையில் கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் என்னைத் திரும்ப இழுத்துப் போட்டார்கள்.

வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத சேவியர் என் இடுப்பிலிருந்து கயிற்றை அவிழ்த்துத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டான். கல்லூரிப் போட்டிகளில் நீந்தியவன். அவசரமே இல்லாமல் போய் முனுசாமியைக் கொண்டுவந்து சேர்த்தான். கரையேறிய முனுசாமி என்னைப் பார்த்து, "நீ எதுக்குப்பா வந்த? ஒன்னப் பாத்த அப்பறந்தான் எனக்கே பயம் வந்துச்சு" என்றார்.

2. ஹோஸ் கணக்கு

இரண்டு நாள் சேவியரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் மேல் தப்பு ஒன்றும் இல்லை, எனக்குத்தான் எரிச்சல். மூன்றாம் நாள் அவனே வந்தான்.

"அண்ணே, நீங்க எங்க நீச்சல் கத்துக்கினீங்க?"

"எங்க நெலத்துக் கெணத்துல. இன்னா அதுக்கு?"

"அதாண்ணே. கெணத்துல ஆறு கை போட்டா எதிர்ச் சுவரு வந்துடும். ஏரில சுவரு எங்க இருக்குது?"

சுருக்கென்றது. எங்கள் பக்கத்து ஆட்கள் பலர் பழகியது கிணற்றில்தான். அங்கே தலையைத் தூக்கி நாலு வீசு வீசினால் போதும். மிச்சத்தைச் சுவர் பார்த்துக்கொள்ளும்.

டியூட்டி இல்லாத காலைகளில் ஏரிக்குப் போனோம். முப்பது மீட்டர் ஹோஸ் குழாயைக் கரையோரம் நேராக விரித்தோம். அதுதான் எங்கள் அளவுகோல். நான் அதையொட்டி நீந்த, சேவியர் கரையில் நடந்தபடி என் கைகளை எண்ணினான். மெதுவாகப் போனால் முப்பத்தெட்டு கை. வேகமாகப் போனால் ஐம்பத்தைந்து. ஆனால் மிச்சமான நேரம் மூன்றே செகண்ட்.

"பதினேழு கை சேத்துப் போட்டு மூணு செகண்டா? தண்ணிய அடிக்கிறீங்கண்ணே, புடிக்கவே இல்ல."

முகத்தை நீருக்குள் வைக்கச் சொன்னான். முன்னே போகும் கையை முழுசாக நீட்டி, ஒரு கணம் அப்படியே வழுக்கிப் போகவிட்டு, பிறகு நீரைப் பிடித்துத் தொடை வரை தள்ள வேண்டும். வேகம் வேண்டுமானால் வழுக்கும் நேரத்தைக் குறைத்து, காலை வேகமாக உதைக்க வேண்டும். கையை மட்டும் பாதியில் எடுக்கக் கூடாது. வேகம் கூடினால் எண்ணிக்கை கூடத்தான் செய்யும். எண்ணிக்கை எகிறி, நேரம் அப்படியே நின்றால் வீணாகச் சோர்கிறோம் என்று அர்த்தம்.

நாலு மாதத்தில் என் மெதுவான கணக்கு இருபத்தொன்பதுக்கு வந்தது. வேகத்தில் முப்பத்தெட்டு.

3. சிங்கவரம் பக்கத்துக் குவாரி

அடுத்த வருடம், கைவிட்ட கல் குவாரித் தண்ணீரில் துணி துவைக்கப் போன லட்சுமி என்ற அம்மா வழுக்கி விழுந்து, பிளாஸ்டிக் குடம் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி உள்ளே நகர்ந்துவிட்டார். இரண்டு ஹோஸ் தூரம் இருக்கும். சேவியர் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். நான் லைஃப் பாய் என்கிற மிதவை வளையத்தை இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வேகமாகப் போ என்று உடம்பு துடித்தது. நான் மெதுவான கணக்கிலேயே போனேன். நடுநடுவே தலை தூக்கிப் பார்த்தபோதெல்லாம் அந்த அம்மா என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா ஆடி அசைஞ்சு வர்ற? நான் சாவறேன்யா!"

போய்ச் சேர்ந்தபோது என் மூச்சு என்னிடமே இருந்தது. பயத்தில் அவர் என் கழுத்தைப் பிடித்து அமுக்கியபோது, விலக்கி, லைஃப் பாயை மாட்டி, இழுத்து வரத் தெம்பும் இருந்தது. பழைய கிணற்று நீச்சல்காரனாகப் போயிருந்தால் இரண்டு பேரும் முடிந்திருப்போம். இன்று ஓய்வில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்றால் சேவியருக்குத்தான் நன்றி.

கரையில் அந்த அம்மா என் கையை விடாமல் கேட்டார்: "ஏன்யா அவ்ளோ மெதுவா வந்த?"

"திரும்பி வரணும்லம்மா."

அந்தப் பதிலை எனக்குக் கொடுத்தவன் பக்கத்தில் நின்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.