சிஞ்ஞோர் ரொக்கோ வந்த மூன்று நாள்

இதில் யாருடைய பெயரையும் எழுதப்போவதில்லை. பெயர் உள்ள ஒரே ஆள் சிஞ்ஞோர் ரொக்கோ. அப்படி ஒருவர் இல்லை என்பதால் அவர் கோபிக்கமாட்டார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பலேர்மோவில் ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். வயது நாற்பது, தலை பாதி வழுக்கை, என் இத்தாலிய மொழி அதைவிட வழுக்கை. ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் மனேச்சராக இருந்தவன் நான். விளங்காததை விளங்கியதுபோல் கேட்டுத் தலையாட்டுவதில் பத்து வருட அனுபவம் இருந்தது.

அந்தக் கிழமை வீட்டுக்காரச் சிஞ்ஞோரா ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போடவேண்டும். நான் அவர் வீட்டில் வேலை செய்கிறேன் என்று இரண்டே வரி. செவ்வாய்க்கிழமை அதைப் பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவில் கொடுத்தால்தான் எனக்கு பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி. பெர்மெஸ்ஸோ கிடைத்தால்தான் வவுனியாவில் ஒரு வாடகை அறையில் காத்திருக்கும் மனைவியைக் கூப்பிட முடியும். கடிதம் தயாராகி, ஜன்னலோர மேசையில் ஒரு கண்ணாடிக் குண்டின் கீழ் கிடந்தது. வந்து ஒப்பமிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, சிஞ்ஞோராவும் அவர் கணவரும் பகேரியாவிலுள்ள பழைய வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் தொலைபேசி அடித்தது. சிஞ்ஞோரா. ஒரே இரைச்சல். அவர் சொன்னதில் எனக்குப் பிடிபட்டவை நான்கு சொற்கள்: ரொக்கோ, நாளைக்கு, ஜன்னல்கள், படுக்கை விரிப்புகள். மீதியை நானே கட்டி முடித்தேன். நாளைக்கு சிஞ்ஞோர் ரொக்கோ என்ற பெரிய விருந்தாளி வருகிறார். ஜன்னல்களைத் திறந்து அறைகளுக்குக் காற்றுப் பிடிக்க விடு. நல்ல விரிப்புகளை வெயிலில் போடு.

“ஸீ, ஸீ, சிஞ்ஞோரா!” என்று ஆமாம் போட்டேன்.

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஆள் வந்தால் உள்ளதில் நல்லதை எடுத்து வைப்போம். சனிக்கிழமை காலையில் பதினொரு ஜன்னல்களையும் விரியத் திறந்தேன். சாதாரண விரிப்பு ரொக்கோவுக்குக் காணுமா? பெரிய பெட்டியைத் திறந்து, சிஞ்ஞோராவின் அம்மா சீதனமாகக் கொடுத்த பூவேலை விரிப்புகள் பன்னிரண்டையும் எடுத்து மொட்டைமாடிக் கொடியில் விரித்தேன். பிறகு வாசலைப் பார்த்தபடி இருந்தேன்.

அவர் வாசலால் வரவில்லை. பத்து மணிபோல் தெற்கு வானம் மஞ்சளாகி, பிறகு செங்கல் நிறமானது. அடுப்பு வாயைத் திறந்ததுபோல் ஒரு காற்று. பியானோ, கண்ணாடி, சோபா, என் வழுக்கை எல்லாவற்றிலும் மாவாகச் செம்மண் படிந்தது. ஓடி ஓடி ஜன்னல்களைச் சாத்தினேன். அதற்குள் மொட்டைமாடியில் நாலு துளி மழை. மழையென்று சொல்லக்கூடாது, சேறு. பன்னிரண்டு விரிப்பும் செங்கட்டிக் குழம்பில் தோய்த்த மாதிரி ஆகிவிட்டன.

மத்தியானம் அவர்கள் வந்து கதவைத் திறந்தார்கள். இனி அவர்கள் பேசியதை எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்.

“ஆர் செய்தது இது?”

“சிஞ்ஞோர் ரொக்கோ இன்னும் வரேல்லை, சிஞ்ஞோரா,” என்றேன்.

“எந்த ரொக்கோ?”

கணவர் ஓய்வுபெற்ற புவியியல் வாத்தியார். அவர்தான் முதலில் விளங்கிக்கொண்டார். ‘ஷிரொக்கோ’. சகாராவிலிருந்து கடல் தாண்டி அடிக்கும் காற்றின் பெயர். அது நாளைக்கு வருகிறது, ஜன்னல்களைச் சாத்து, விரிப்புகளை வெளியே போடாதே என்பதுதான் சிஞ்ஞோரா சொன்னது. வாத்தியார் வயிற்றைப் பிடித்துச் சிரித்தபடி, தூசி படிந்த கதிரையிலேயே இருந்துவிட்டார். சிஞ்ஞோரா சிரிக்கவில்லை. மாடிக்குப் போனார், அம்மாவின் விரிப்புகளைப் பார்த்தார், இறங்கி வந்தார், என் கடிதத்தை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார்.



“முந்தி இஞ்சை ஒரு வழக்கம் இருந்ததெண்டு சொல்லுவினம்,” என்றார் வாத்தியார். “ஷிரொக்கோ மூண்டு நாள் விடாமல் அடிச்சால், அதுக்குள்ளை நடந்த குற்றத்தை நீதவான் மன்னிச்சுப்போடுவாராம். மனுசனுக்கு மூளை உருகியிருக்கும்தானே.”

“இண்டைக்கு முதல் நாள்!” என்றார் சிஞ்ஞோரா. “இவர் காத்து வரமுந்தியே மூளையை உருக்கிப்போட்டார்!”

“மூண்டு நாள் அடிச்சால்?” என்று வாத்தியார் கேட்டார்.

“அடிச்சால் பாப்பம்.”

அன்று பின்னேரம், வுச்சீரியாச் சந்தைக்குப் பக்கத்தில் என்னோடு ஒரே அறையில் இருந்த மன்னார்க்காரனிடம் போய் அழாக்குறையாகச் சொன்னேன். அவன் மீன்பிடிக் குடும்பம்.

“டேய் மச்சான், உங்கடை ஊரிலை சோளகம் எண்டு காத்து இல்லையோ? வாடை இல்லையோ? காத்துக்குப் பேர் இருக்குமெண்டு தெரியாதே உனக்கு?”

“தெரியும். ஆனால் கச்சான் எண்டால் காத்தும்தான், கடலையும்தான். கச்சான் அடிக்குது எண்டு நீ சொன்னால், இத்தாலிக்காரன் வறுத்த கடலை வாங்க ஓடமாட்டானோ?”

“ஓடுவான். பன்னிரண்டு விரிப்பு விரிக்கமாட்டான்.”

ஞாயிறும் காற்று நிற்கவில்லை. நாள் முழுக்க விரிப்புகளைத் தோய்த்தேன். வாத்தியார் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, சிவப்புத் தண்ணீரைக் கீழே ஊற்றவிடவில்லை. எலுமிச்சைச் சாடிகளுக்கு ஊற்றச் சொன்னார். அது நல்ல பசளையாம். எலுமிச்சையும், அதற்கு வாய்க்கால் வெட்டும் வித்தையும் ஆபிரிக்கக் கரையிலிருந்து வந்தவர்கள் இந்தத் தீவுக்குக் கொண்டுவந்தவையாம். அந்தப் பாலைவனத்தின் தெற்கு விளிம்புக்குச் ‘சாகெல்’ என்று பெயர். அரபியில் கரை என்று அர்த்தம். ஒட்டகங்கள் உப்பைத் தெற்கே கொண்டுபோய்த் தங்கத்தோடு வடக்கே திரும்ப, அந்தத் தங்கம் கப்பலேறி இந்தத் துறைமுகங்களுக்கும் வந்ததாம். இந்தக் காற்றுக்குப் பயந்தே பகேரியா வீட்டில் அவருடைய முன்னோர் நிலத்துக்குக் கீழே ஓர் அறை வெட்டி, அதற்குள் தண்ணீர் ஓடவிட்டு, ஒளிந்துகொண்டார்களாம். நான் பாதிதான் விளங்கித் தலையாட்டினேன். மற்றப் பாதியைப் பின்னாளில் தேடி வாசித்தேன். பொருள் தேடிப் போகிறவன் பாலையைக் கடப்பான் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். நான் விமானத்தில் சொகுசாக வந்துவிட்டேன். அதுதான், பாலை என்னைத் தேடிக் கடல் கடந்து வந்தது.

பலேர்மோ முழுக்க அந்தக் காற்றைத் திட்டியது. அது நிற்கக்கூடாது என்று வேண்டிக்கொண்ட ஒரே சீவன் நான். முருகா, உன் மயிலைச் செட்டையடிக்கவாவது சொல் என்று கேட்டேன். திங்கள் காலை எழும்பினால் ஓர் இலை அசையவில்லை. வேலைக்கு நடந்தேன். வீட்டுக்குள் கொடி கட்டிக் காயவைத்த விரிப்புகளை மாடியில் மடித்துக்கொண்டிருந்தேன். பதினொன்று பால்போல. ஒன்றின் கரையில் மட்டும் தேத்தண்ணி நிறம் போகவில்லை.

இரண்டு மணிக்கு எங்கோ ஒரு கதவு படாரென்று அடித்தது. வாத்தியாரின் தொப்பி மாடியிலிருந்து தெருவுக்குப் பறந்தது.

“வந்திட்டார்!” என்று வாத்தியார் கத்தினார். “உங்கடை ரொக்கோ வந்திட்டார்!”

சிஞ்ஞோரா தலையிடிக்கு ஒரு துணியைக் கட்டியபடி மாடிக்கு வந்தார். கறை படிந்த விரிப்பைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“என்ரை அம்மா இதை ஒருநாளும் விரிச்சதில்லை. பெரிய ஆள் ஆரும் வந்தால் விரிக்கலாமெண்டு பெட்டிக்குள்ளையே வைச்சிருந்தா. நானும் அப்பிடித்தான்.” பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துபோனேன்; சிரிப்பு. “கடைசியிலை ரொக்கோவுக்கு விரிச்சிருக்குது! சரி, இண்டைக்கு இரவு என்ரை கட்டிலிலை போடும்.”

கீழே போய் லாச்சியைத் திறந்து கையெழுத்துப் போட்டார். கடிதம் முழுக்க மண்ணிறம். கண்ணாடிக் குண்டு இருந்த இடம் மட்டும் ஒரு வெள்ளை வட்டம்.

செவ்வாய்க்கிழமை குவெஸ்தூராவில் ஒரு உத்தியோகத்தர் கடிதத்தை விரித்தார். மேசையில் கொஞ்சம் ஆபிரிக்கா கொட்டியது. “ஷிரொக்கோ,” என்று பெருமூச்சு விட்டு ஊதிவிட்டு, முத்திரையைக் குத்தினார். அந்த ஒரு சொல் எனக்கு முழுதாக விளங்கியது.

வெளியே வந்து வவுனியாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். பெர்மெஸ்ஸோ சரி என்று மனைவிக்குச் சொன்னேன். அவள் கேட்டாள்:

“ஆரப்பா உதவி செய்தது?”

“சிஞ்ஞோர் ரொக்கோ எண்டு ஒரு பெரிய மனுசன்.”

“அவருக்கு நான் கும்பிட்டதெண்டு சொல்லுங்கோ.”

“அவர் நேற்றிரவே திரும்பிப் போயிட்டாரப்பா,” என்றேன்.