அப்பாவைச் சுமந்த சந்து

தாராவியில் நாங்கள் குடியிருந்தது மாடி அறை. மாடி என்றதும் படிக்கட்டு இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். சுவரோடு ஒட்டி நிற்கும் இரும்பு ஏணிதான் எங்களுக்குப் படிக்கட்டு. கீழே இருந்த சந்தில் எதிரும் புதிருமாக இரண்டு பேர் வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்பி நிற்க வேண்டும். எனக்கு அப்போது எட்டு வயது. எல்லா ஊர்களும் இப்படித்தான் கட்டப்பட்டிருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை காலை, தண்ணீர் வரும் நேரம். அம்மா ஏணியில் பாதி ஏறி நின்று குடத்தை நீட்டினாள். மேலே வாசலில் குனிந்திருந்த அப்பா கையை நீட்டினார். ஆனால் அந்தக் கை குடத்தைப் பிடிக்கவில்லை. குடம் சந்தில் விழுந்து உருண்டது.

"என்னங்க, பிடிக்கலியா?"

அப்பா ஏதோ பதில் சொன்னார். அது தமிழாகவும் இல்லை, இந்தியாகவும் இல்லை. வாயின் ஒரு பக்கம் கீழே இறங்கியிருந்தது. பிறகு நிலைப்படியில் மெதுவாகச் சரிந்துவிட்டார். வெல்டிங் பட்டறையில் கனமான கேட்டுகளைத் தனியாகப் புரட்டிப் போடுகிற மனிதர் அவர்.

அம்மா குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கடையில் இந்தி பேசவேண்டி வந்தால் என்னை முன்னால் தள்ளிவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டிருப்பாள். அவள் அன்று ஏணியில் நின்றபடியே, "யாராச்சும் ஓடி வாங்களேன்! எங்க வீட்டுக்காரருக்கு என்னமோ ஆயிட்டு!" என்று போட்ட சத்தத்தில் சந்து முழுவதும் வெளியே வந்துவிட்டது.

எங்களுக்குக் கீழே பை தைக்கும் பட்டறை வைத்திருந்த பாய்தான் ஆம்புலன்சுக்குப் போன் செய்தார். எங்கள் சந்துக்குப் பெயர் கிடையாது. மசூதிக்குப் பின்பக்கம், சோப்பு கோடவுனைத் தாண்டி, நீலத் தொட்டிக்குப் பக்கத்தில் என்று அவர் எத்தனை முறை சொல்லியும் மறுமுனையில் மறுபடியும் விலாசம் கேட்டார்கள். கடைசியில், வண்டி பெரிய ரோடு வரைதான் வரும், ஆளை அங்கே கொண்டு வந்துவிடுங்கள் என்று முடித்துக்கொண்டார்கள்.

பாய் பட்டறைக்குள் ஓடி, பை வெட்டுவதற்கு வைத்திருந்த கறுப்பு ரெக்ஸின் சுருளைத் தூக்கி வந்தார். அதை மடித்து விரித்து அப்பாவைக் கிடத்தினார்கள். ஏணியில் மேலிருந்து சிலர் இறக்க, கீழிருந்து சிலர் தாங்கினார்கள். "தீரே, தீரே! மெதுவா, அண்ணாச்சி தலையப் பாத்து!" என்று இரண்டு மொழியிலும் சத்தம் வந்தது.

அதன் பிறகு நடந்ததை இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். நாங்கள் போகப் போக எங்களுக்கு முன்னால் சந்து விரிந்துகொண்டே போனது. குறுக்கே கிடந்த ரப்பர் குழாய்கள் காணாமல் போயின. டிரம்களை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டார்கள். பெண்கள் நிறைகுடத்தோடு சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். தூக்கியவர்களுக்குக் கை சோர்ந்தால், அடுத்த வாசலில் தயாராக நின்ற வேறு கைகள் வாங்கிக்கொண்டன. ஒரு திருப்பத்தில் ரெக்ஸின் திரும்பவில்லை. அங்கே ஒரு மராத்தி வீடு, முன்வாசல் எங்கள் சந்திலும் பின்வாசல் அடுத்த சந்திலுமாக இருந்தது. அந்த வீட்டு அம்மாள் அடுப்பை அணைத்து, கொதித்துக்கொண்டிருந்த பாத்திரத்தைப் புடவைத் தலைப்பால் தூக்கிக்கொண்டு, "அந்தர் ஸே லேகே ஜாவ்!" என்று வீட்டுக்குள்ளேயே வழிகாட்டினாள். அவர்களுடைய டிவிக்கும் சாமி படங்களுக்கும் நடுவே அப்பா மிதந்து போனார். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் தட்டை வைத்துவிட்டு எழுந்து நின்று கும்பிட்டார். எங்கள் அப்பா இவ்வளவு பெரிய மனிதர் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஆம்புலன்ஸ் கொண்டுபோய் விட்ட பெரிய ஆஸ்பத்திரியில் வராந்தா எங்கும் மனிதர்கள் படுத்திருந்தார்கள். உலகத்தில் இத்தனை பேருக்கு உடம்பு சரியில்லையா என்று அங்கேயும் நான் பிரமித்து நின்றேன். அம்மா வெள்ளைக் கோட்டு போட்ட ஒவ்வொருவரையும் வழிமறித்தாள். நெடுநேரம் கழித்து ஒருவர் வந்து அப்பாவின் கையைத் தூக்கிப் பார்த்தார். தலையைப் படம் எடுக்கும் மெஷின் பழுதாகிக் கிடக்கிறது, வேறு இடத்துக்குக் கொண்டு போங்கள் என்றார். அதற்கு வண்டி கிடைப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது.

அடுத்துப் போனது மாட்டுங்கா பக்கம் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரி. அப்பாவை உள்ளே கொண்டு போனதும் எங்களைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். பக்கத்தில் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்த மாமி, நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டுவிட்டு எனக்கு பிஸ்கட் தந்தாள்.

"உங்காத்துக்காரருக்கு எப்போ வந்தது?"

"காலைல, தண்ணி வார நேரம்."

"எங்காத்துலயும் காலம்பறதான். காபி குடிச்சிண்டே இருந்தார், டம்ளர் கையிலேர்ந்து நழுவிடுத்து. கீழ் ஃப்ளாட்டுல ஒரு டாக்டர் இருக்கார். அவரே லிஃப்டுல இறக்கி, கார்ல ஏத்தி, இங்கே போன் பண்ணிட்டார். வந்த உடனே ஊசி போட்டுட்டா. இப்போ கையை அசைக்கறார்."

சற்று நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். இளம் வயது, முகத்தில் களைப்பு. ரத்தக் கட்டைக் கரைக்கும் ஊசியை இனி போட முடியாது, நேரம் தாண்டிவிட்டது, இப்போது போட்டால் உயிருக்கே ஆபத்து என்று இந்தியில் பொறுமையாகச் சொன்னார். அம்மா என்னை முன்னால் தள்ளவில்லை. மாமியைக் காட்டி அவளே கேட்டாள்.

"இன்கா சாப் பீ சுபே, மேரா ஆத்மி பீ சுபே. ஃபிர் கியூ?" அவருக்கும் காலையில்தான், என் வீட்டுக்காரருக்கும் காலையில்தான், பிறகு ஏன் இப்படி என்று.

அவர் நேரத்துக்கு வந்துவிட்டார் என்றார் டாக்டர்.

"ஹம் பீ தபீச் நிக்லா, டாக்டர் சாப்" என்றாள் அம்மா. நாங்களும் அப்போதே கிளம்பிவிட்டோமே என்று அவள் குற்றம் சொல்வதுபோலச் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாத ஒன்றைத் தெரிவிப்பதுபோலச் சொன்னாள். மாமி ஃபிளாஸ்க் மூடியைத் திறக்காமலே மறுபடி மறுபடி திருகிக்கொண்டிருந்தாள்.

சில நாட்களில் அந்த மாமா தானே நடந்து வீட்டுக்குப் போனார். போகும்போது அப்பாவின் கட்டில் அருகே நின்று, "சீக்கிரம் எழுந்துண்டு வாங்கோ" என்றார். அப்பா இடது கையால் அரைக் கும்பிடு போட்டார். அவருடைய வலது கை அதற்குப் பிறகு எதையும் பிடிக்கவில்லை.

பள்ளிக்குத் திரும்பிய அன்று வகுப்பில் எல்லோரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். மாட்டுங்கா மாமாவுக்கு வந்தது சின்ன நோய், ஒரே ஆஸ்பத்திரியில் ஒரே ஊசியில் போய்விட்டது. எங்கள் அப்பாவுக்கு வந்தது ரொம்பப் பெரிய நோய், அவரைத் தூக்க ஒரு சந்தே வேண்டியிருந்தது, ஒரு ஆஸ்பத்திரி போதவில்லை என்று நான் பெருமையோடு சொன்னேன்.