ராத்தா கேட்ட மன்னிப்பு

மருதமுனையில் தறி வைத்திருக்கும் முஸ்லிம் அக்கா ஒருவர், நாங்கள் ராத்தா என்போம், அம்மாவுக்கு கிறிஸ்து பிறந்த நத்தாருக்கென்று ஒரு சாறி நெய்து தந்தார். "உப்புப் போட்ட பச்சத் தண்ணியில தனியா அலசுங்க" என்று படித்துப் படித்துச் சொன்னார். எனக்கு எதற்கும் பொறுமை கிடையாது. என் ஜீன்ஸோடு சேர்த்து மெஷினில் சுடுதண்ணீரில் போட்டேன். சிவப்புக் கரையின் சாயம் சாறியின் வெள்ளையெல்லாம் ஊறிவிட்டது.

"சாயம் சரியில்லம்மா" என்றேன். அதோடாவது நின்றேனா? மாதா கோயில் பாடகர் குழுவிலும் அதையே சொன்னேன். உயிர்த்த ஞாயிறுக்கு ராத்தாவிடம் சாறி நெய்விக்க இருந்த ஐந்து பேரும் கல்முனையில் கடைச்சாறி எடுத்துவிட்டார்கள்.

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பொய் சொன்னேன் என்று மட்டும் சொல்லித் தப்பப் பார்த்தேன். பங்குச் சுவாமி விடவில்லை. "ஆரைப் பற்றி?" என்றார். சொன்னேன்.

"மனம் வருந்தினா ஆண்டவர் மன்னிக்கிறார், அதில சந்தேகமில்ல. ஆனா நீங்க கெடுத்த பேரை நீங்கதான் திருப்பிக் குடுக்கணும். அதுதான் உங்கட பரிகாரம்."

பத்துச் செபமாலை என்றிருந்தால் அன்றைக்கே முடித்திருப்பேன். இது முடியவில்லை. மூன்று தரம் ஸ்கூட்டியில் மருதமுனைக்குப் போய், மூன்று தரமும் அவர் வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பாமலே வந்துவிட்டேன். மன்னிப்புக் கிடைத்துவிட்டதா, பாதியில் நிற்கிறதா? நற்கருணை வரிசையில் கால் கூசியது.

நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு பின்னேரம் ராத்தாவே வீட்டுக்கு வந்தார். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் தெரிந்தவர் வீடெல்லாம் போய் மன்னிப்புக் கேட்பது இங்கே வழக்கம்.

"சாயம் போயிட்டெண்டு கேள்விப்பட்டன். அறியாம நடந்த பிழை. பொருந்திக்கங்க அக்கா, மனசில வெச்சிராதீங்க."

"ஐயோ, அதை ஆரு நினைச்சா? நல்லாப் போயிட்டு வாங்க" என்றார் அம்மா.

என் பாவத்துக்கு அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ராத்தா, சாயத்தில பிழையில்ல. நான்தான் சுடுதண்ணியில போட்டன். ஊரெல்லாம் பொய் சொன்னதும் நான்தான்."

"அடி பாவி!" என்றார் அம்மா.

ராத்தா என் பக்கம் திரும்பினார். "ரெண்டு மாசமா சாயம் போட்டுத் தந்த நூல்காரனோட சண்ட புடிச்சிட்டு இரிக்கன் புள்ள. இப்ப அவனுக்கிட்டயும் போய் மன்னிப்புக் கேக்கணும்."

"என்னை மன்னிப்பீங்களா?"

"ஹஜ்ஜுக்குப் போறவள் இல்லெண்டு சொல்லேலுமா? ஆனா கோவம் இரிக்கி. பொய்யா ஓமெண்டு சொல்லவும் ஏலா."

உட்கார முடியவில்லை எனக்கு. போனை எடுத்து, அவர் முன்னாலேயே அந்த ஐந்து பேரில் ஒரு அக்காவை அழைத்தேன். "அக்கா, அந்தச் சாறிய பழுதாக்கினது நான்தான்." அந்தப் பக்கம், "நீ என்ன கதைக்கிறா?" என்றது. இன்னும் பலமாகச் சொன்னேன். அடுத்தவரை அழைத்தேன். மூன்றாவது அக்கா நன்றாகத் திட்டினார். அது ராத்தாவுக்கும் கேட்டது.

"காணும் புள்ள, போதும்," என்றார் ராத்தா. முகம் இளகியிருந்தது. "நான் பொருந்திட்டன்."

"இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க, ராத்தா."

"அப்ப போனை எடு" என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.