கமிஷன் கேட்காத புரோக்கர்

இதைக் கதை என்று நினைத்துப் படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளுங்கள். ஜஹபர் நிஷாவிடம் மட்டும் அப்படிச் சொல்லிவிடாதீர்கள். போன மழைக்காலத்தில், புதுச்சேரி டவுனுக்குள், பட்டப்பகலில் நடந்தது இது. வீடு தேடும் ஆப் எதையும் அவள் இன்றைக்கும் போனில் வைத்திருப்பதில்லை.

அவள் கணவர் உஸைருக்கு சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை. ஷிஃப்ட் முடிந்து வரும்போது பைக் சறுக்கி, கால் எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகிவிட்டது. மூன்று மாதம் படி ஏறவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர்கள் குடியிருந்ததோ மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. சனிக்கிழமை டிஸ்சார்ஜ். அதற்குள் தரைத்தளத்தில் ஒரு வீடு பிடிக்காவிட்டால் மனுஷனை எங்கே கொண்டுபோய்ப் படுக்கவைப்பது?

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து போனைத் தேய்த்தாள். 'நேரடி ஓனர்' என்று போட்டிருக்கும். கூப்பிட்டால் புரோக்கர்.

"நீங்க ஓனரா?"

"ஓனர் மாதிரிதாங்க."

மாதிரி என்றால் என்ன மாதிரி? படத்தில் பளபளவென்று ஹால் இருக்கும். நேரில் போனால் ஒரு ஆள் நீட்டிப் படுக்க இடம் இருக்காது. "அது போன மாசமே போயிடுச்சு, வேற காட்டட்டுங்களா?" என்பார்கள். அவள் பெயரைக் கேட்டதும் "ஓனர்கிட்ட கேட்டுட்டு சொல்றேன்" என்று வைத்தவர்கள் திரும்பப் பேசவே இல்லை. ஏன் என்று அவளுக்கும் தெரியும். போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல வந்தது.

புதன்கிழமை அந்த வீடு கண்ணில் பட்டது. முல்லா வீதி பக்கம் ஒரு சந்து. தரைத்தளம், நீலக் கதவு, வாசலில் ஒரு படிகூட இல்லை. அல்லாவே, இதைத்தானே தேடினேன் என்று இருந்தது. ஆனால் ஒரே வீட்டுக்கு, ஒரே படங்களோடு, மூன்று விளம்பரங்கள். மூன்று விதமான வாடகை. சிலம்பரசன் என்று ஒருவர், மரிய அருண் என்று ஒருவர், செந்தமிழ்ச்செல்வி என்று ஒரு அம்மா. மூன்று பேரும் 'நேரடி ஓனர்'.

கூப்பிட்டுக் கேட்டால் மூன்று பேரும் ஒரே பாட்டு. ஓனர் பாரீஸில் இருக்கிறாராம். வீடு தன் பொறுப்பாம். மற்ற இரண்டு பேரும் டுபாக்கூராம். "நீங்க வாங்க மேடம், நம்ம ஆளு தொறந்து காட்டுவாரு."

நிஷாவும் லேசுப்பட்டவள் இல்லை. மூன்று பேரிடமும் வியாழக்கிழமை மூன்று மணி என்றே சொன்னாள். யார் ஆள் வந்து கதவைத் திறக்கிறாரோ அவர்தான் உண்மை, மற்றவர்களை அங்கேயே வைத்து நாலு கேள்வி கேட்கலாம் என்று கணக்கு.

வியாழன், சரியாக மூன்று மணி. தூறல். சந்தில் ஒரு ஈ காக்காய் இல்லை. நீலக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும்.

"வாம்மா. பாரு" என்றார்.

உள்ளே போனாள். ஹால் விசாலம். ஜில்லென்று இருந்தது. மழைதானே என்று நினைத்துக்கொண்டாள்.

"கமிஷன் எவ்ளோங்க?" முதல் கேள்வியே அதுதான். அத்தனை அடிபட்டிருந்தாள்.

"கமிஷன் வேணாம்மா. குடி வந்தாப் போதும்."

கமிஷன் வேண்டாம் என்கிற புரோக்கரா! சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவளுக்கு வந்தது அழுகை. இத்தனை நாள் அலைந்ததற்கு ஒரு நல்ல மனுஷன் கிடைத்தார் என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பாத்ரூமைக் காட்டினார். சுவரில் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி அடித்திருந்தது.

"அவருக்குத் தோதா இருக்கும். இடது கால்தானே?"

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு நின்றாள். கால் விஷயத்தை அவள் எந்தப் புரோக்கரிடமும் சொல்லவில்லை. நோயாளி என்றால் வீடு தர யோசிப்பார்கள் என்று வாயே திறக்கவில்லை.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. அவர் கையில் போன் இல்லை. சட்டைப் பையிலும் இல்லை. இந்த ஊரில் போன் இல்லாத புரோக்கரை யாராவது பார்த்திருக்கிறார்களா?

உள் அறையிலிருந்து சத்தம் வந்தது.

டக்... டக்...

"யாருங்க உள்ள?"

"பக்கத்து வூடும்மா."

பக்கத்தில் வீடு இல்லை. வெறும் மனை. வரும்போது பார்த்தாள்.

3:12. அவள் போன் அடித்தது. சிலம்பரசன்.

"சாரி மேடம். நம்ம ஆளு மழையில மாட்டிக்கிட்டாரு. அரை மணி ஆவும்."

சரி. அப்படியானால் இவர் மரிய அருணின் ஆள். அவளே கூப்பிட்டாள்.

"நானேதான் வந்துட்டிருக்கேங்க. அஞ்சே நிமிஷம். உள்ள போயிட்டீங்களா? யாரு தொறந்தா? அந்தப் பொம்பளையோட ஆளா?"

சரி. செந்தமிழ்ச்செல்வியின் ஆள். மூன்றாவது எண்ணை அழுத்தினாள்.

டக்... டக்... இப்போது இன்னும் கிட்டத்தில் கேட்டது.

"எங்க ஆளா? எங்ககிட்ட சாவியே இல்லியேக்கா. அவனுங்ககிட்டதான் இருக்கும்னு நெனச்சேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் வாசலை மறைத்து நின்றார்.

சிரிக்கவில்லை. முறைக்கவும் இல்லை.

"சனிக்கிழமைதானே?" என்றார்.

டக்.

எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. சந்து முனையில் மரிய அருணின் பைக் மேல் போய் மோதி நின்றாள். கொஞ்ச நேரத்தில் மற்ற இருவரும் வந்து சேர்ந்தார்கள். யார் திறந்தது, யாருடைய பார்ட்டி என்று மூன்று பேரும் நடுச்சந்தில் ஒரே கூச்சல். நிஷாவின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. சண்டை போட்டபடியே வீட்டு வாசலுக்குப் போனார்கள்.

நீலக் கதவில் பூட்டு தொங்கியது. துருப்பிடித்து, மேலே சிலந்தி வலையோடு.

மூன்று பேரும் அந்த வீட்டுக்குள் கால் வைத்ததே இல்லை. ஓனரிடம் பேசியதும் இல்லை. படங்களை ஒருவர் விளம்பரத்திலிருந்து ஒருவர் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். முதலில் எடுத்தது யார் என்று கேட்டாள். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கை காட்டினார்கள்.

சனிக்கிழமை உஸைரை அரியாங்குப்பத்தில் அவள் அக்கா அஃப்ஷீன் வீட்டு முன்னறைக்குக் கொண்டுபோனார்கள். நெருக்கடிதான். ஆனாலும் சொந்த மனுஷர்கள். அந்த வீட்டைப் பற்றி அவரிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. படுத்துக் கிடக்கிறவரை எதற்குப் பயமுறுத்துவது?

ஒரு வாரம் போயிருக்கும். மத்தியானம். உஸைர் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். சிலம்பரசன் போனில் கூப்பிட்டார். குரலில் அத்தனை கோபம்.

"இன்னா மேடம், எங்களையெல்லாம் ஓரங்கட்டிட்டு நேரா ஓனரைப் புடிச்சு குடி வந்துட்டீங்க. கமிஷனுக்கு நாங்க எங்க போறது?"

"எந்த வீட்டுக்குங்க?"

"தெரியாத மாதிரி பேசாதீங்க. அதே நீலக் கதவு வூடுதான். அன்னிக்கு உள்ள போய்ப் பாத்தது நீங்க மட்டும்தானே. மூணு பேரும் இப்ப அது வாசல்லதான் நிக்கிறோம். உங்க சாரை ஜன்னல் வழியாப் பாத்தோம். கால்ல கட்டோட, டக் டக்குன்னு வாக்கரைப் புடிச்சு நடந்துட்டிருக்காரு. கூப்புட்டா திரும்ப மாட்டேங்குறாரு."

நிஷா போனை வைத்துவிட்டாள். கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அங்கேயேதான் படுத்திருந்தார். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

கண்ணைத் திறக்காமலேயே உஸைர் சொன்னார்.

"நிஷா... அந்த ஜன்னலைச் சாத்து. மூணு பேரு எட்டி எட்டிப் பாக்குறாங்க."